தகர டப்பாவிலிருந்து எடுத்த பூட்டு

இழுத்துக்கொண்டு போனார்கள் என்று யார் சொன்னது? எங்கள் கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்து அப்படித்தான் பேசுகிறார்கள். ஜீப் வந்ததாம், நாலு பேர் இறங்கினார்களாம், கையைப் பிடித்து ஏற்றினார்களாம். கூடவே நின்று பார்த்த மாதிரி. கூட நின்று அனுப்பி வைத்தவள் நான் ஒருத்திதான். ஜீப்பும் வரவில்லை, கையையும் யாரும் பிடிக்கவில்லை. என் மருமகள் தலையைச் சீவிக்கொண்டு, பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு, தன் காலால் நடந்து போனாள்.

அடுத்தது, வெடி வைத்தவனுக்கு வக்காலத்து வாங்கினாள் என்கிற பேச்சு. அதையும் நான் சும்மா விடப்போவதில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, நடந்தது தெரியும். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி வையுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு அப்புறம் படியில் உட்கார்ந்து பேசட்டும்.

தெருமுனையில் இருக்கிற பூட்டு சாவிக் கடை எங்களுடையது. என் மகன் வைத்த கடை. அவன் நெஞ்சுவலியில் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. போன மறுமாதமே சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடி, கடையை யாருக்குத் தள்ளிவிடலாம் என்று பேசினார்கள். மருமகள் மூலையில் உட்கார்ந்து, பல் வெட்டாத வெறும் சாவி ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். துக்கத்தில் கைக்கு ஏதோ வேலை வேண்டியிருக்கிறது என்று நினைத்தோம். பேச்சு முடிகிற நேரத்தில் எழுந்து போய் அந்தச் சாவியை எங்கள் வீட்டுப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். திறந்தது.

"கடை இருக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. ஒரு சாவி வெட்டும்போது பல் தப்பிப் போனால், அந்த வீணான சாவியை வந்தவர் கண்ணெதிரே இரண்டாக நறுக்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். எந்த வீடு, எந்த மாடி என்று கேட்க மாட்டாள். "எனக்கு எதுக்கு அது? சாவி உங்களுது, கதவு உங்களுது" என்பாள். கடையைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டாள்.

"ஏம்மா, பூட்டு விக்கிறவளே பூட்டை நம்பலைன்னா ஊர்ல எவன் நம்புவான்?" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சதாலதான் அத்தை நம்ப மாட்டேங்கிறேன்" என்பாள்.

உள்ளே இருப்பதை நானும் சொல்லியாக வேண்டும். கதை அதில்தான் இருக்கிறது. விலை குறைந்த பூட்டு பெட்டிக்கு இருபத்துநாலு வரும். வெளியே பார்த்தால் இருபத்துநாலும் தனித்தனி. பெட்டிக்குப் பெட்டி பல் மாறும், ஆனால் ஒரு பெட்டிக்குள் அந்தக் கம்பெனி வெட்டுகிற பல் பன்னிரண்டு விதம்தான். பெட்டியில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஓர் இரட்டை உண்டு. ஒன்றின் சாவி மற்றதைத் திறக்கும். பூட்டின் அடிவயிற்றில் பொடி எழுத்தில் எண் குத்தியிருக்கும். ஒரே எண் என்றால் ஒரே சாவி. தொழில் தெரிந்தவர்கள் இரட்டையைப் பிரித்துவிடுவார்கள். என் மகனும் அப்படித்தான் செய்தான், அவளும் அப்படித்தான். ஒன்று கடை அலமாரிக்கு. அதன் ஜோடி மேசைக்கடியில் இருக்கிற தகர டப்பாவுக்கு. டப்பாவில் இருப்பதெல்லாம் மாதம் ஒருமுறை வருகிற வெளியூர் வியாபாரிக்கு. இந்த ஊரில் ஒரே சாவிக்கு இரண்டு பூட்டு தொங்கக் கூடாது என்பது ஏற்பாடு.

போன வருஷம் பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. ஏழு பேர் போனார்கள். எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டில் இருக்கிற கண்டக்டரின் மகள், பத்து வயசுப் பிள்ளை, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனவள், ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளை முதல்முறை கட்டை ஊன்றிப் படியேறியபோது மொத்தக் கட்டடமும் கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே பயம் எங்களுக்குத் தெரியாது, போலீஸ் பாடு எங்களுக்குப் புரியாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

குண்டு வெடித்து இரண்டு வாரம் கழித்து, பக்கத்துத் தெருவில் ஓர் அறையைத் திறக்க வேண்டும் என்று போலீஸ் அதிகாரி ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். தடிமனான கண்ணாடி போட்டவர். எங்களுக்கு அவர் கண்ணாடிக்காரர். கதவை உடைத்தால் உள்ளே எதுவும் வெடித்துவிடுமோ என்று பயம். மருமகள் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"கோர்ட் தாள் எங்க சார்?"

"அம்மா, இது என்ன நேரம்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது. இது வேற ஒருத்தர் கதவு. தாள் வந்ததும் ரெண்டு நிமிஷத்துல திறந்து தர்றேன். கீழ இருக்கிற வீட்டுக்காரங்களை அதுக்குள்ள வெளிய அனுப்பிடுங்க."

அவர் பல்லைக் கடித்தார். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் தாள் வந்தது. அவள் சொன்ன மாதிரியே இரண்டு நிமிஷத்தில் கதவைத் திறந்தாள். உள்ளே ஓர் அலமாரி. அதிலும் ஒரு பூட்டு. அதையும் கம்பியை விட்டுத் திறந்தாள். அதற்குள்தான் ஒயரும் பொடியும் இருந்தன. அங்கே பார்த்த எதையும் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் தண்டனை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டாள். அலமாரியில் தொங்கிய பூட்டை ஒரு துணிப்பையில் போட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு இதே தெரு அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, நீ என் கூடப் பொறந்தவ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதை அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அறைக்காரனை வேறு ஊரில் பிடித்தார்கள். அவன் பையில் இரண்டு சாவி. ஒன்று அறைச் சாவி. இன்னொன்று எதற்கு என்று அவன் வாயைத் திறக்கவில்லை. போலீஸ் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் தொங்குகிற பூட்டிலெல்லாம் போட்டுப் பார்த்தது. எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில் ஒரு பூட்டு திறந்துகொண்டது.

அது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மிஷின் ஓட்டுகிறவருடைய வீடு. எதிரே வந்தால் சிரிப்பார், பேச மாட்டார். ஈரக் கையோடு வேலை செய்துகொண்டிருந்தவரை அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். புதுச் சட்டமாம். தொண்ணூறு நாள் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம், வக்கீலைக் காட்ட வேண்டியதில்லை, வேண்டுமென்றால் இன்னொரு தொண்ணூறு. அவர் மனைவி ஐந்து நாள் அலைந்தும், எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

படியில் பேச்சு ஆரம்பித்தது. "ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துட்டு என்ன வேலை பண்ணியிருக்கான் பாத்தீங்களா!" "சாவி திறந்திருக்கே, வேற என்னய்யா வேணும்?"

நானும் தலையை ஆட்டினேன். மறைக்கப் போவதில்லை. சாவி திறந்திருக்கிறதே என்று நானும்தான் சொன்னேன்.

மருமகள் கடைக்குப் போய் மேசைக்கடியில் குனிந்து தகர டப்பாவை இழுத்தாள். பூட்டை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து எண் பார்த்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது.

"அத்தை, வியாபாரி இந்த மாசம் இன்னும் வரல. இதுலேருந்து யாருக்காவது எடுத்துக் குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தேன். அவள் பல் பிடுங்கிக்கொள்ளப் போன அன்றைக்குக் கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். கடை அலமாரியில் சின்னப் பூட்டு இல்லை. ஒரு பையன் வந்து கேட்டான். பூட்டு பூட்டுதானே என்று டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். எண் என்ன கண்டேன்! நல்ல பையன் என்று வேறு நினைத்தேன். பேரம் பேசவில்லை. வெயில் முகத்தில் அடிக்கிறது என்று சொன்னபோது, "இருங்கம்மா" என்று கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனான்.

"எப்படி இருந்தான்?" என்றாள். சொன்னேன். அறைக்காரன் படம் பேப்பரில் வந்திருந்ததை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவனேதான்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பதினொரு வருஷமாக ஒரு பூட்டுத் தப்பாகப் போகாமல் பார்த்துக்கொண்டவள். ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பதினொரு பூட்டையும் திரும்ப டப்பாவில் அடுக்கினாள். அப்புறம், "அந்த அறை அலமாரியில தொங்குன பூட்டு அதுதான் அத்தை. நம்ம கம்பெனி. நானே கையில பிடிச்சுத் திறந்தேன். அந்தச் சாவி அதோட சாவி. சலவைக்காரர் நம்மகிட்ட வாங்கினது அதோட ஜோடி. வேற ஒண்ணுமே இல்ல" என்றாள்.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரரிடம் போனோம். நானும் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கேஸ் என் கையை விட்டு மேல போயிடுச்சும்மா. அந்தப் பை, சாவி கிடைக்கிறதுக்கு முன்னாடியே முத்திரை வச்சு அனுப்பினது. நான் தொட முடியாது."

"ஒரே ஒரு தடவை அந்தச் சாவியை அதுல போட்டுப் பாத்தா போதும் சார்."

"நீங்க சொல்றது தப்பா இருந்து நாங்க அந்த ஆளை விட்டுட்டோம்னு வைங்க. இன்னொரு பஸ் நிலையம்மா. அந்த ஏழு பேரையும் பொறுக்கி எடுத்தவன் நான்."

"எனக்கும் பயம் இருக்கு சார். என் வீட்டுக்குக் கீழ ஒரு பிள்ளை கட்டை ஊணி நடக்குது. அதனாலதான் கேக்குறேன். பக்கத்து வீட்டைப் பூட்டிட்டு என் வீடு பத்திரம்னு எப்படித் தூங்குறது?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நாங்கள் எழுந்தபோது, "நீங்க கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் இருக்கில்ல? உள்ள பாத்ததை வெளிய சொன்னா மூணு வருஷம்" என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை. தண்ணீர் ஆழம் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அடுத்து ஒரு வக்கீலம்மாவிடம் போனோம், அவரும் அதையேதான் சொன்னார். பையைத் திறக்க நீதிபதி உத்தரவு போடலாம். ஆனால் அதற்குக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்க வேண்டும். அலமாரியில் அந்தப் பூட்டு இருந்தது என்று எழுதினாலே ரகசியத்தை மீறிய மாதிரிதான். எழுதினால் சலவைக்காரர் வெளியே வரலாம். அவள் உள்ளே போகலாம்.

"ரகசியம்னு அவங்க வச்சது நியாயம்தான்" என்றாள் மருமகள். "இன்னொருத்தன் தப்பிச்சுடக் கூடாதுன்னு வச்சது. நான் ஊருக்குச் சொல்லப் போறதில்ல. நீதிபதி ஒருத்தருக்குச் சொல்றேன். அவருக்கும் சொல்லக் கூடாதுன்னா, அந்த மனுஷனை யாருதான் கேக்கிறது?"

திரும்பி வரும்போது நான் சொன்னேன், "வித்தது நான். நான் வந்து சொல்றேன்."

"நீங்க வந்தா அந்தப் பையன் எப்படி நின்னான், என்ன பேசுனான்னு நாள் கணக்குல உக்கார வச்சுக் கேப்பாங்க. உங்க முழங்காலுக்கு அது ஆகாது. கடை என் பேர்ல இருக்கு. யார் கை குடுத்தாலும் குடுத்தது நான்தான்."

அவள் பொய் எழுதவில்லை. "எங்கள் கடையில் விற்ற பூட்டு" என்றுதான் எழுதினாள். யார் கை என்று யாரும் கேட்கவில்லை. இப்போது நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். என் கை.

எழுதிக் கொடுத்த அன்றைக்கே கடை வாசலில் பலகை வைத்தாள். அந்தப் பெட்டிப் பூட்டு வாங்கினவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு நல்ல பூட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று. அவ்வளவுதான், தெரு கொதித்துவிட்டது. இத்தனை நாள் எங்கள் வீட்டை ஊரெல்லாம் திறக்கிற மாதிரி வைத்திருந்தாயா என்று சண்டைக்கு வந்தார்கள். டப்பாவிலிருந்து போனது ஒன்றே ஒன்று என்று சொன்னால் யார் காதில் ஏறுகிறது? பாதிப் பேர் மூன்று தெரு தள்ளி இருக்கிற கடைக்குப் போனார்கள். அந்தக் கடையில் விற்பதும் அதே கம்பெனிப் பூட்டுதான். இரட்டை பிரிக்கிற வழக்கம்கூட அங்கே கிடையாது. போகட்டும்.

கண்டக்டர் படியில் அவளை மறித்தார்.

"அவனுக்காக கோர்ட்டுக்குப் போறியாமே?"

"சலவைக்காரருக்காகப் போறேன் அண்ணே."

"ரெண்டும் ஒண்ணுதான். என் பொண்ணைப் பாத்துமா உனக்கு மனசு வருது?"

"அவளைப் பாத்துட்டுத்தான் போறேன். அவ காலை எடுத்தவனுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுக்கட்டும், நான் வந்து சாட்சி சொல்றேன். ஆனா அது அவனுக்குப் போய்ச் சேரணும். வேற ஒருத்தர் வாங்கிட்டா உங்க கணக்கு தீர்ந்துடுமா அண்ணே?"

"சாவி பொய் சொல்லாது."

"சொல்லாது. ஆனா அது பூட்டைப் பத்தித்தான் சொல்லும், ஆளைப் பத்திச் சொல்லாது. பதினொரு வருஷமா நான் இந்தச் சாவியோடதான் குடும்பம் நடத்துறேன்."

அவர் வழிவிடவில்லை. அவள் கைப்பிடியை ஒட்டி உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஏறி வந்தாள். அன்றிலிருந்து அவர் எங்களோடு பேசுவதில்லை.

நீதிபதி பையைத் திறக்கச் சொன்னார். இவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். பூட்டைக் கவிழ்த்து எண்ணைப் படித்தார்கள். சலவைக்காரர் வீட்டுப் பூட்டின் எண்ணையும் படித்தார்கள். ஒரே எண். பிறகு அந்தச் சாவியை அலமாரிப் பூட்டில் போட்டார்கள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திறந்தது என்று அவள் வந்து சொன்னாள். கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

நாற்பத்தொன்றாம் நாள் சலவைக்காரர் வீட்டுக்கு வந்தார். ஒரு சுற்று இளைத்திருந்தார். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்து, கோர்ட்டில் திருப்பிக் கொடுத்த தன் பூட்டை மேசைமேல் வைத்தார். மருமகள் இருப்பதிலேயே நல்ல பூட்டை எடுத்து நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா" என்றார். அந்த மனிதர் எங்களிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். இன்றைக்கும் அவர் வீட்டில் இருக்கும்போது கதவைச் சாத்த விடுவதில்லை என்று அவர் மனைவி சொல்கிறாள். அவரைப் பார்த்து ஊமைக்கோட்டான் என்று சொன்ன வாய்கள் இப்போது, "நமக்கு அப்பவே தெரியும், பாவம் அவர்" என்கின்றன. சரி, அவரையாவது விட்டார்களே. இவளை விடவில்லை.

ஏனென்றால் அடுத்த மாதம் இவளுக்குத் தாள் வந்தது. ரகசியத்தை மீறியதற்கு விசாரணை. கண்ணாடிக்காரரே கொண்டுவந்தார். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"மேல இருந்து சொல்லிட்டாங்கம்மா. சட்டம்னா சட்டம்ங்கிறாங்க. நீங்க சொன்னதாலதான் ஒரு தப்பு நிமிர்ந்ததுன்னு நான் எழுதியிருக்கேன். அதைப் படிப்பாங்களான்னு தெரியாது."

"எழுதினீங்களே சார், அது போதும்."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஜீப் அனுப்பட்டுமா?"

"ஜீப் வந்தா தெரு பேசும்."

"நீங்க நடந்து வந்தாலும் பேசுமேம்மா."

"அப்ப நடந்தே வந்துடுறேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது தப்போ என்று பட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் தகர டப்பாவைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். சிவப்புப் பெயின்டைத் திறந்து, டப்பாவில் இருந்த ஒவ்வொரு பூட்டின் வயிற்றிலும் ஒரு பொட்டு வைத்தாள். "அத்தை, சிவப்பு இருந்தா வெளியூர். யாரு வந்து அழுது கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"இதை முன்னாடியே பண்ணியிருந்தா என்ன?" என்றேன்.

அவள் தூரிகையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "ஆமா. பண்ணியிருக்கணும். நம்பரைப் படிக்கத் தெரிஞ்சவளுக்கு, படிக்கத் தெரியாதவங்க கையில அது போகும்னு தோணல. அந்தத் தப்பு என்னுது" என்றாள். நான் வாயடைத்துப் போனது என் வாழ்க்கையில் இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ.

காலையில் நானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். அவள் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

"கடை திறந்திருக்கணும் அத்தை. இன்னிக்கு மூடினா நாமளே தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. நீங்க ஒன்பதரைக்குப் போய் ஷட்டரைத் தூக்குங்க."

"எப்ப வருவே?"

"சாயங்காலமும் வரலாம். மூணு வருஷமும் ஆகலாம். சோறு எனக்கும் சேர்த்தே வைங்க. வரலைன்னா அடுத்த நாள் வைக்க வேணாம்."

கடைச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் பையில் எப்போதும் இருக்கிற இன்னொரு கடைச் சாவியை எடுத்து, இடுக்கியில் பிடித்து, என் கண்ணெதிரே இரண்டாக நறுக்கினாள். "அங்க பையைச் சோதிப்பாங்க. நம்ம கதவுச் சாவி யார் கையிலயும் சும்மா கிடக்க வேணாம்."

கீழே கண்டக்டர் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். "அத்தை, என் கட்டைக்கு ரப்பர் மாத்தித் தர்றேன்னீங்களே" என்று மேலே என் மருமகளைப் பார்த்துக் கத்தினாள்.

"வந்ததும் முதல் வேலை அதுதான்டா" என்றாள் இவள், படிக்கட்டின் மேலேயிருந்து.

அப்புறம் எங்கள் வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். வழக்கம் விடுமா? வெளியே கிளம்பினால் பூட்ட வேண்டும், மூன்று தடவை இழுக்க வேண்டும். கை தானாகப் பூட்டுக்குப் போனது. உள்ளே நான் நிற்பதைப் பார்த்தாள். பூட்டைத் தொட்ட கையை எடுத்துப் பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு நடந்து போனாள்.